பெயர் அழிந்த சாக்குகள்: உள்ளே இருப்பது எந்த உப்பு?

பாலக்காட்டின் கிழக்கே, எருத்தேம்பதி வாசகரின் கேள்வி, ஜூன் 2

தோட்டத்துச் சாளையில் இரண்டு சாக்குகள் கிடக்கின்றன. ஒன்று துத்தநாக சல்பேட், நெல்லுக்கு. மற்றது மெக்னீசியம் சல்பேட், தென்னைக்கு. கூரை ஒழுகி அச்செழுத்து முழுவதும் அழிந்துவிட்டது. இரண்டும் வெள்ளைப் படிகம். பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்திருக்கிறேன், ஆனால் மறந்துவிட்டது. சுடரில் காட்டினால் நிறம் வரும், அதுவே போதும் என்கிறான் நண்பன். சரிதானா சார்?

ஜூன் 2, இரவு

சரியில்லை. துத்தநாகமும் மெக்னீசியமும் சுடரில் அடையாளம் சொல்லும்படியான நிறம் எதையும் தருவதில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவது மஞ்சள். அது உங்கள் விரல் வியர்வையிலிருந்து ஒட்டிக்கொண்ட சோடியம். சுடர்ச் சோதனை கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், பொட்டாசியம், தாமிரம் போன்ற சிலவற்றுக்குத்தான் பயன்படும். இந்த இரண்டுக்கும் அதில் வேலை இல்லை.

படிகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. இரண்டுமே ஏழு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் சல்பேட்டுகள். படிக அமைப்பும் ஒன்றே. துத்தநாக சல்பேட்டில் மெக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்பதற்கு இந்த ஒற்றுமைதான் வழி செய்து கொடுக்கிறது. விலையில் இரண்டுக்கும் நிறைய தூரம், துத்தநாக சல்பேட்தான் விலை கூடியது.

நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். மெக்னீசியம் சல்பேட் என்பது மருந்துக்கடையில் விற்கும் பேதி உப்பு, கசக்கும். துத்தநாக சல்பேட் வாந்தி எடுக்க வைக்கும்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு சாக்கிலிருந்தும் கால் தேக்கரண்டி எடுத்து, தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் கரையுங்கள். காஸ்டிக் சோடாவை நீர்க்கக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டிலும் வெள்ளையாக, கஞ்சி போல ஒரு வீழ்படிவு வரும். நிறுத்திவிடாமல் அடர்த்தியான காஸ்டிக் சோடாக் கரைசலைத் தொடர்ந்து சேர்த்துக் கலக்குங்கள். வீழ்படிவு கரைந்து தெளிந்தால் துத்தநாகம். எவ்வளவு சேர்த்தாலும் வெள்ளையாகவே நின்றால் மெக்னீசியம்.

ஜூன் 3, காலை

இரவு எழுதாமல் விட்ட முக்கியமான விஷயம் தண்ணீர். உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைக்காதீர்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே வேலந்தாவளம் வரை கரிசல் மண்ணும் சுக்காங்கல்லுமாகக் கிடக்கிறது. அந்த நீரில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. காஸ்டிக் சோடா விட்டால் உப்பே போடாத வெறும் தண்ணீர்கூடக் கலங்கும். சாக்கைச் சோதிப்பதாக நினைத்துக் கிணற்றைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். அதை வாங்குங்கள். மூன்றாவது குவளையில் உப்பு போடாமல் அந்த நீரை மட்டும் வைத்து, அதே அளவு காஸ்டிக் சோடா விடுங்கள். அது தெளிவாக இருந்தால்தான் மற்ற இரண்டில் கண்டதை நம்பலாம். வெற்றுச் சோதனை என்று பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் கணக்கில் பகுப்பாய்வில் பாதி அதுதான்.

ஜூன் 3, மதியம்

காஸ்டிக் சோடா எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சோப்பு செய்பவர்களுக்கு விற்கும் கடையில் கிடைக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அது கரையும், ஹைட்ரஜன் கிளம்பும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜூன் 5

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "வீழ்படிவு வந்து, அதிகச் சோடாவில் கரைந்தால் துத்தநாகம் என்கிறீர்கள். படிகாரமும் அப்படித்தானே நடந்துகொள்ளும்?"

ஆம், அப்படியேதான். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். நல்ல கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும்.

அலுமினியம் ஹைட்ராக்சைடு, துத்தநாக ஹைட்ராக்சைடு இரண்டும் ஈரியல்பு உடையவை. அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும். ஈயமும் அப்படியே. ஆகவே "கரைந்தது, எனவே துத்தநாகம்" என்ற முடிவு, சாக்கில் இருப்பது இந்த இரண்டில் ஒன்றுதான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டுமே செல்லும். எருத்தேம்பதி வாசகருக்கு அது தெரியும், அதனால் அவருக்கு ஒரு சோதனை போதும். சாக்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவருக்கு அதே சோதனை அரைப் பதில்தான்.

அப்படிப்பட்டவர் இன்னொரு குவளை எடுத்து, காஸ்டிக் சோடாவுக்குப் பதில் அம்மோனியாக் கரைசல் விட வேண்டும். துத்தநாகம் முதலில் வெள்ளையாக வீழ்ந்து, அம்மோனியா அதிகமாகும்போது கரைந்துவிடும். துத்தநாக அயனி நான்கு அம்மோனியா மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு அணைவாகிவிடுவதுதான் காரணம். அலுமினியம் அப்படிச் சேர்த்துக்கொள்வதில்லை, அதன் வீழ்படிவு கூழாக அப்படியே நிற்கும். இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன. மெக்னீசியத்தின் கதை வேறு. அம்மோனியம் குளோரைடை முதலில் போட்டுவிட்டு அம்மோனியா விட்டால் மெக்னீசியம் வீழாது. பொது அயனியான அம்மோனியம், ஹைட்ராக்சைடின் செறிவைத் தாழ்த்திவிடுகிறது. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வீழ அந்தச் செறிவு போதாது. அலுமினியத்துக்கும் ஃபெர்ரிக் இரும்புக்கும் போதும்.

உப்புப் பகுப்பாய்வில் உலோகங்களை, எந்தக் கரைசலில் வீழ்கின்றன என்பதை வைத்து ஆறு தொகுதிகளாகப் பிரித்து வரிசையாகத் தேடுவார்கள். அலுமினியமும் ஃபெர்ரிக் இரும்பும் மூன்றாவது, மெக்னீசியம் ஆறாவது. மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடு எதற்கு என்று வகுப்பில் கேட்டால், "புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது" என்ற பதிலையே அதிகம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கரண்டி உப்புதான் மூன்றாம் தொகுதிக்கும் ஆறாம் தொகுதிக்கும் நடுவே வேலி போடுகிறது. அதை விட்டுவிட்டால் மெக்னீசியம் மூன்றாம் தொகுதியிலேயே வந்து நின்று, பையன் அலுமினியம் என்று எழுதிக் கொடுப்பான்.

நான் சொல்ல வருவது இதுதான்: எந்தச் சோதனைக்கும் தனியாக அர்த்தம் கிடையாது. அதற்கு முன் எவற்றையெல்லாம் விலக்கிவிட்டு வந்தோம் என்பதே அதற்கு அர்த்தம் தருகிறது.

ஜூன் 5, இரவு

துத்தநாகத்தை உறுதிசெய்ய இன்னொரு வழி பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. நீலம் தோய்ந்த வெண்மையில் வீழும். கரைசலில் இரும்பு துளி இருந்தாலும் கடும் நீலம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். உரத் தரத் துத்தநாக சல்பேட்டில் இரும்பு கொஞ்சம் இருப்பது வழக்கம். எனவே இந்தச் சோதனையில் வெளிர் நீலம் வந்தால் மகிழ்ச்சி அடையாமல் இரும்பை முதலில் நீக்குங்கள்.

ஜூன் 7

உரக்கடை வைத்திருக்கும் ஒரு நண்பர், டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசலோடு கலந்து பார்த்தாலே போதும், காஸ்டிக் சோடா எதற்கு என்கிறார். வேளாண் துறையினர் விவசாயிகளுக்குச் சொல்லித் தரும் சோதனைதான் அது. டி.ஏ.பி. குருணையைக் கரைத்து, தெளிய வைத்து, மேல்நீரை எடுத்துத் துத்தநாக சல்பேட் கரைசலில் ஊற்றினால் கட்டியாகத் திரளும். மெக்னீசியம் சல்பேட் ஆனால் திரளாது.

எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் லேசான காரத்தன்மையில் ஒன்று சேர்ந்தால் மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் என்ற படிகம் உருவாகும். ஆறாம் தொகுதியில் மெக்னீசியத்தை உறுதிசெய்வதே அந்த வினையால்தான். டி.ஏ.பி. கரைசலில் அம்மோனியமும் உண்டு, பாஸ்பேட்டும் உண்டு, காரத்தன்மையும் கொஞ்சம் உண்டு. கரைசல் அடர்த்தியாக இருந்து, குவளையை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால், மெக்னீசியக் குவளையின் அடியிலும் வெள்ளை படிந்திருக்கக்கூடும். ஆகவே நீர்த்த கரைசலில் செய்யுங்கள், ஊற்றியவுடன் பாருங்கள். உடனே தயிர் போல் திரண்டால் துத்தநாகம். நேரம் கழித்து மணல் போல் இறங்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. கலப்படச் சாக்கில் இரண்டும் இருக்கும். டி.ஏ.பி. சோதனை அப்போதும் "துத்தநாகம் உண்டு" என்றுதான் சொல்லும், ஏனென்றால் உண்டு. கூடவே வேறொன்றும் இருப்பதை அது காட்டாது. காஸ்டிக் சோடா காட்டும். துத்தநாகப் பங்கு கரைந்துபோக, மெக்னீசியப் பங்கு வெள்ளையாக மிஞ்சி நிற்கும். என் ஓட்டு காஸ்டிக் சோடாவுக்குத்தான்.

ஜூன் 8

எருத்தேம்பதியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. முதல் சாக்கில் வீழ்படிவு சற்றும் கரையவில்லை. தெளிவாக மெக்னீசியம். இரண்டாவதில் பெரும்பகுதி கரைந்தது, ஆனால் அடியில் வெண்மை மிஞ்சியது. வெற்றுக் குவளை தெளிவு.

மிஞ்சியதைப் பார்த்தவுடன் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கொஞ்சம் காஸ்டிக் சோடா இன்னும் சேர்த்து, நன்றாகக் கலக்கி, மறுபடி பாருங்கள். சோடா போதாமல் கரையாமல் நிற்பது உண்டு. சோடாவே பழையதாக இருந்தால் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பனேட் கலந்திருக்கும். அதுவும் கலங்கலைத் தரும். மிஞ்சிய வெள்ளையின் நிறத்தையும் கவனியுங்கள். பழுப்பு ஓடினால் இரும்பு.

இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளை நின்றால் மெக்னீசியம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட நியாயம் உண்டு. எவ்வளவு என்று இந்தச் சோதனை சொல்லாது. தூய ஏழுநீர்த் துத்தநாக சல்பேட்டில் துத்தநாகம் எடையில் சுமார் 22.7 சதவீதம். தூய மெக்னீசியம் சல்பேட்டில் மெக்னீசியம் சுமார் 9.9 சதவீதம். அளவை அளக்க ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தின் செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்க்க வேண்டும், அது ஆய்வகத்து வேலை. சட்டப்படி புகார் செய்வதானால் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் ஆய்வாளர் வந்து, முறைப்படி மாதிரி எடுத்தால்தான் செல்லும். நீங்கள் பிரித்து, மழையில் நனைந்த சாக்கு சாட்சியாகாது. அடுத்த முறை வாங்கும்போது பிரிப்பதற்கு முன்பே கிருஷி பவனில் (ஊர் வேளாண் அலுவலகத்தில்) சொல்லுங்கள்.

ஜூன் 8, பின்னிரவு

அதே எருத்தேம்பதிப் பையன் மூன்றாவதாக ஒரு சாக்கைக் கண்டெடுத்திருக்கிறார். வெள்ளைக் குருணை, ஈரம் பிடித்துக் கட்டி தட்டியது. அதில் ஒரு துணுக்கைச் சுண்ணாம்போடு சேர்த்து ஓட்டின் மேல் தேய்த்தாராம், அம்மோனியா நெடி வந்ததாம். "அம்மோனியம் குளோரைடு, சரிதானே?" என்கிறார்.

அம்மோனியம் சரி. குளோரைடு என்று எதை வைத்துச் சொன்னீர்கள் தம்பி?

ஜூன் 10

இனி எதிரயனிப் பக்கம். துத்தநாகம், மெக்னீசியம், அம்மோனியம் போன்றவை உப்பின் நேர்மின் பாதி, நேரயனி. சல்பேட், குளோரைடு போன்றவை எதிர்மின் பாதி, எதிரயனி. வேலந்தாவளத்துக்கு அருகே ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லித் தரும் ஆசிரியை, தம் ஆய்வகத்தில் பார்க்கலாம் என்று முன்வந்திருக்கிறார். வெள்ளி நைட்ரேட்டும் அடர் கந்தக அமிலமும் வீட்டில் வைத்துச் செய்யும் காரியமல்ல, அதனால் இது நல்ல ஏற்பாடு.

வரிசையை எழுதிவிடுகிறேன். முதலில் நீர்த்த அமிலம். கார்பனேட், சல்பைட், சல்பைடு, நைட்ரைட் ஆகியவை இங்கேயே வாயுவாகக் கிளம்பிவிடும். சுண்ணாம்பு நீர் பால் போல் ஆனால் கார்பனேட் என்று எழுதுவதற்கு முன் முகர்ந்து பார்க்க வேண்டும். கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைக் கலக்கும். அமிலம் சேர்த்த டைகுரோமேட் தாளைக் காட்டினால் அது பச்சையாகும், கரியமில வாயு ஒன்றும் செய்யாது. வாயுவை மேலும் விட்டுக்கொண்டே இருந்தால் பால் நிறம் தெளிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நேரம் கழித்து வந்து பார்ப்பவன் "ஒன்றும் நடக்கவில்லை" என்பான்.

இதில் எதுவும் வராவிட்டால்தான் அடர் கந்தக அமிலம். நேரே இதற்குப் போனால் கார்பனேட்டும் குளோரைடும் ஒரே நேரத்தில் நுரைக்கும், எது எது என்று பிரிக்க முடியாது. நிறமற்றுப் புகையும் வாயு, அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் வெண்புகை, இது குளோரைடு. செம்பழுப்புப் புகை வந்தால் புரோமைடா, நைட்ரேட்டா என்ற கேள்வி. தாமிரச் சுருளைப் போட்டுச் சூடாக்கும்போது பழுப்பு அடர்ந்து, கரைசல் நீலமானால் நைட்ரேட். ஊதா ஆவி என்றால் அயோடைடு.

சல்பேட் இந்த இரண்டிலும் வாய் திறக்காது. பேரியம் குளோரைடு போட்டுத்தான் பேசவைக்க வேண்டும். அதற்கு முன் அமிலம் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேரியம் கார்பனேட்டும் வெள்ளையாக வீழ்ந்து ஏமாற்றும்.

ஆசிரியைக்கு ஒரு நினைவூட்டல் மட்டும். வெள்ளி நைட்ரேட் சோதனைக்கு அமிலமாக்குவது நைட்ரிக் அமிலத்தால். அவருக்குத் தெரியும். ஆனால் பேரியம் சோதனைக்கு ஊற்றிய ஹைட்ரோகுளோரிக் அமிலக் குப்பி அதே மேசையில் இருக்கும், பையன்கள் கை அதற்குத்தான் போகும். அதை விட்டால் அதிலுள்ள குளோரைடே வெள்ளியை வெள்ளையாக வீழ்த்தி ஏமாற்றும்.

ஜூன் 12

ஆய்வக முடிவு. நீர்த்த அமிலத்தில் ஒன்றுமில்லை. வெள்ளி நைட்ரேட்டில் தெளிவு, எனவே குளோரைடு இல்லை. பேரியத்தில் தெளிவு, சல்பேட் இல்லை. நைட்ரேட்டைக் காட்டும் பழுப்பு வளையம் அழகாக வந்ததாம். புதிதாகக் கரைத்த ஃபெர்ரஸ் சல்பேட், குழாயைச் சாய்த்துப் பக்கச் சுவரோடு மெல்ல இறக்கிய அடர் கந்தக அமிலம், இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வளையம். புரோமைடும் அயோடைடும் நைட்ரைட்டும் முன்பே விலகிவிட்டதால் வளையத்தை நம்பலாம். அவை இருந்தால் அவையும் பழுப்பு காட்டியிருக்கும்.

பையன் எழுதுகிறார்: "அப்படியானால் அம்மோனியம் நைட்ரேட்!"

இதைக் கொஞ்சம் பதற்றத்தோடுதான் படித்தேன். அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருள் தயாரிக்க உதவும் பொருள். 2012 விதிகளுக்குப் பிறகு அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். தோட்டத்துச் சாளையில் சும்மா கிடக்கக்கூடிய ஒன்றல்ல. ஆனால் வேதியியலும் அந்த முடிவை ஒப்பவில்லை. அம்மோனியம் இருக்கிறது, நைட்ரேட் இருக்கிறது. வேறு நேரயனி இல்லை என்று யார் பார்த்தார்கள்? அம்மோனியம் கிடைத்தவுடன் எல்லாரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். தேர்வில் ஒரு உப்புக்கு ஒரு நேரயனி, ஒரு எதிரயனி என்று பழகிய பழக்கம் அது.

ஐந்தாம் தொகுதி வரை போகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 13

போனார்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை எதுவும் வீழவில்லை. அம்மோனியம் கார்பனேட் விட்டவுடன் வெள்ளை. அதை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, முதலில் பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் வரவில்லை, எனவே பேரியம் இல்லை. பிறகு அம்மோனியம் சல்பேட். ஒன்றுமில்லை, ஸ்ட்ரான்சியம் இல்லை. கடைசியில் அம்மோனியம் ஆக்சலேட். அடர்ந்த வெள்ளை. சுடரில் செங்கல் சிவப்பு. கால்சியம்.

இந்த மூன்றின் வரிசையை மாற்றக் கூடாது. ஆக்சலேட்டை முதலில் விட்டால் பேரியமும் ஸ்ட்ரான்சியமும்கூட வெள்ளையாக வீழ்ந்துவிடும், அப்போது அந்த வெள்ளைக்குப் பொருளே கிடையாது.

ஆக, கால்சியம், அம்மோனியம், நைட்ரேட். சொட்டுநீரில் காய்கறிக்குக் கொடுக்கும் உரத் தரக் கால்சியம் நைட்ரேட் இப்படித்தான் இருக்கும். அது தூய கால்சியம் நைட்ரேட் அல்ல, கால்சியம் நைட்ரேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் நீரும் சேர்ந்து படிகமான இரட்டை உப்பு. ஐந்து பங்கு கால்சியம் நைட்ரேட்டுக்கு ஒரு பங்கு அம்மோனியம் நைட்ரேட். அதிலுள்ள மொத்த நைட்ரஜன் சுமார் 15.5 சதவீதம், அதில் 1.1 சதவீதம் மட்டுமே அம்மோனியமாக இருப்பது. அந்தச் சிறு பங்குதான் சுண்ணாம்போடு தேய்த்தபோது நெடியாக வந்தது. மூக்கு அதை முதலில் பிடித்துவிட்டது, பெரும்பங்கான கால்சியம் கடைசி வரை மௌனமாக இருந்தது. ஈரம் பிடித்துக் கட்டி தட்டியதும் கால்சியம் நைட்ரேட்டின் சுபாவம்.

வடகரப்பதிப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் பலர் வீட்டில் இந்தச் சாக்கு இருக்கும். மெக்னீசியம் சல்பேட்டோடு ஒரே தொட்டியில் கலந்துவிடாதீர்கள். ஜிப்சம் வீழ்ந்து சொட்டுவாய்கள் அடைத்துக்கொள்ளும். ஆய்வகத்தின் நீர்த்த கரைசலில் சல்பேட்டுக்கு வீழாத கால்சியம், அடர்ந்த தொட்டிக் கரைசலில் வீழ்ந்துவிடும்.

ஜூன் 14

ஒருவர் கேட்டது: எல்லாச் சோதனையிலும் "இல்லை, இல்லை" என்று வரும் வெள்ளைப் பொடி இருந்தால்?

யூரியாவாக இருக்கலாம். அது அயனிச் சேர்மமே அல்ல. வெள்ளி நைட்ரேட்டுக்கும் பேரியத்துக்கும் அதனிடம் பதில் கிடையாது. சுண்ணாம்போடு தேய்த்தாலும் உடனே நெடி வராது. உலர்ந்த குழாயில் மெல்லச் சூடாக்கினால் 133 டிகிரியில் உருகி அம்மோனியா வரும். ஆறிய எச்சத்தை நீரில் கரைத்து, காஸ்டிக் சோடாவும் ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசலும் விட்டால் ஊதா நிறம். எதிரயனியும் நேரயனியும் அகப்படவில்லை என்றால் தோற்றுவிட்டோம் என்று பொருளல்ல. அதுவும் ஒரு முடிவு, எழுதி வைக்க வேண்டிய முடிவு.

ஜூன் 16

மேலே எழுதியவற்றைப் படித்துவிட்டு அந்த ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார். பிள்ளைகள் உலர் சோதனையிலேயே யூகித்துவிடுகிறார்கள், பிறகு யூகத்துக்கு ஏற்ப மற்ற சோதனைகளை "செய்து" எழுதுகிறார்கள் என்பது அவர் வருத்தம். சூடாக்கும்போது படபடவென்று வெடித்தால் ஈய நைட்ரேட், வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட், நீலமாக இருந்தால் தாமிர சல்பேட்.

யூகிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வாடையும் நிறமும் உண்மையான தகவல்கள். ஈய நைட்ரேட் படபடப்பதும் உண்மை. ஆனால் சமையல் உப்பும் படபடக்கும், அது படிகத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாவதால். யூகத்தை உடைக்கும் சோதனையை அடுத்ததாகச் செய்யச் சொல்லுங்கள், உறுதிப்படுத்தும் சோதனையை அல்ல. ஈயம் என்று நினைக்கிறாயா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடு. வெள்ளை வந்தால் நீரோடு கொதிக்கவை. ஈயக் குளோரைடு வெந்நீரில் கரைந்து, ஆறும்போது ஊசி ஊசியாக மறுபடி வரும். வெள்ளிக் குளோரைடு கரையாது. பொட்டாசியம் அயோடைடு விட்டுப் பொன்மஞ்சள் தகடுகளைக் காட்டுவது அழகுதான், அது அதற்குப் பிறகு.

ஈயம் இன்னொரு பாடமும் சொல்லித் தரும். குளோரைடு கொஞ்சம் கரைவதால் ஈயம் முதல் தொகுதியில் முழுவதும் வீழாது. மீதி கரைசலோடு போய், இரண்டாம் தொகுதியில் கறுப்பு சல்பைடாக வரும். பிள்ளைகள் அதைப் புதிதாக ஒரு உலோகம் என்று நினைக்கிறார்கள்.

மதிப்பெண் கொடுக்கும் முறையை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. வகுப்பேட்டில் மட்டும் ஒரு பத்தி கூட்டலாம்: "இந்தச் சோதனையால் எவை விலக்கப்பட்டன?" என்று. உப்பின் பெயரைச் சரியாக எழுதி அந்தப் பத்தியை வெறுமையாக விட்டவனைவிட, பெயரைத் தவறாக எழுதி அந்தப் பத்தியை நேர்மையாக நிரப்பியவனிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஜூன் 17

ஹைட்ரஜன் சல்பைடை வீட்டில் தயாரித்து இரண்டாம், நான்காம் தொகுதிகளைப் பார்க்கலாமா என்று ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்கிறார்.

கூடாது. அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று எண்ணாதீர்கள். செறிவு கூடினால் அந்த வாயு முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

ஆனால் அந்த இரண்டு தொகுதிகளின் வேதியியலை விட்டுவிடாதீர்கள். மொத்தப் பகுப்பாய்விலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒரே வாயு, இரண்டு தொகுதிகள். அமிலம் இருக்கும்போது ஹைட்ரஜன் அயனி மிகுந்து சல்பைடு அயனி மிகச் சொற்பமாகிறது. அந்தச் சொற்பம், கரைதிறன் பெருக்கம் மிகக் குறைந்த தாமிர, காட்மிய, ஈய சல்பைடுகளை வீழ்த்தப் போதும், துத்தநாகத்துக்கும் மாங்கனீசுக்கும் போதாது. அம்மோனியா சேர்த்துக் காரமாக்கியதும் சல்பைடு அயனி பெருகி, துத்தநாகம் வெள்ளையாகவும் மாங்கனீசு தோல் நிறத்திலும் நிக்கலும் கோபால்டும் கறுப்பாகவும் இறங்கும். இரண்டாம் தொகுதி முடிந்ததும் கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவை விரட்டச் சொல்வது இதனால்தான். விரட்டாமல் அம்மோனியா விட்டால் நான்காம் தொகுதி முழுவதும் மூன்றில் வந்து விழும். அதோடு சில சொட்டு அடர் நைட்ரிக் அமிலமும் சேர்க்க வேண்டும். ஃபெர்ரஸ் இரும்பை ஃபெர்ரிக்காக மாற்றாவிட்டால் அது மூன்றாம் தொகுதியில் அரைகுறையாகவே வீழும்.

ஜூன் 20

கொழிஞ்சாம்பாறை வாசகி ஒருவர்: "எங்கள் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று வெள்ளி நைட்ரேட்டால் பார்க்கலாமா? குளோரைடின் உறவுதானே?"

உறவு உண்டு, நடத்தை வேறு. வெள்ளி ஃபுளோரைடு நீரில் தாராளமாகக் கரையும், வீழ்படிவே வராது. வந்தால் அது உங்கள் நீரிலுள்ள குளோரைடு. ஃபுளோரைடுக்கு உகந்தது சிர்க்கோனியம்-அலிசரின் சிவப்புச் சாயம். ஃபுளோரைடு சிர்க்கோனியத்தை இழுத்துக்கொள்ள, சிவப்பு மங்கி மஞ்சளாகும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துக் குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியாது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் வேறுபாட்டைக் கருவிதான் சொல்லும். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் சில ஆழ்குழாய்க் கிணறுகளில் இது அளவுக்கு மேல் இருப்பது பதிவான உண்மை. எனவே தயங்காமல் குடிநீர் ஆணையத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இந்த வாரமே.

கொதிக்கவைத்தால் போய்விடாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு, நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்தது. இங்கே வேலை செய்வதும் மூன்றாம் தொகுதியில் பார்த்த அந்த அலுமினியம் ஹைட்ராக்சைடுக் கூழ்தான். அளவு அறியாமல் வீட்டில் செய்யாதீர்கள், அலுமினியம் நீரில் தங்கிவிடும்.

ஜூன் 21

ஆசிரியை கேட்டது: சோதனை முடிந்த பேரியம் குளோரைடுக் கரைசலைத் தொட்டியில் ஊற்றலாமா?

வேண்டாம். கரையும் பேரியம் நஞ்சு. மிஞ்சியதையெல்லாம் ஒரே குப்பியில் சேர்த்து வையுங்கள். மெக்னீசியம் சல்பேட் கரைசலை அதில் தாராளமாக விட்டால் பேரியம் முழுவதும் கரையாத சல்பேட்டாக இறங்கிவிடும். தெளிந்த மேல்நீரில் சில சொட்டு எடுத்து, மறுபடி சல்பேட் விட்டுப் பாருங்கள். கலங்காவிட்டால் மேல்நீரை ஊற்றிவிடலாம், அடியில் உள்ள வெள்ளையை வடிகட்டி உலர்த்திப் பெயர் ஒட்டி வையுங்கள். ஈயக் கழிவையும் வெள்ளிக் கழிவையும் இதோடு சேர்க்காமல் தனித்தனிக் குப்பியில்.

வெள்ளியை வீணாக்காதீர்கள். குளோரைடாக வீழ்த்திச் சேர்த்து வைத்தால் மீட்டெடுக்கலாம். முறையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.